இரவில் ஏற்றிய வெப்பம் காலையில் ஏன் இல்லை?

பிரிட்டனில் எரிவாயு இணைப்பு இல்லாத அடுக்குமாடி வீடுகள் பலவற்றில், சன்னலுக்குக் கீழே கனத்த உலோகப் பெட்டி ஒன்று சுவரோடு ஒட்டி நிற்கும். மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் பின்னிரவில் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு, பகல் முழுவதும் அதைச் சிறிது சிறிதாக அறைக்குள் விடும் ஸ்டோரேஜ் ஹீட்டர் அது. குளிர்காலக் காலை ஒன்றில் அது சில்லென்று கிடந்தாலோ, வீடு கதகதப்பாக இருந்தும் மின்கட்டணம் தாறுமாறாக ஏறினாலோ, ஹீட்டர் பழுதாகிவிட்டது என்றே பலரும் முடிவுகட்டுகிறார்கள். ஆனால் குறை மீட்டர் பெட்டிக்குள் இருக்கவும் இடமுண்டு. அதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. என்ன நடக்கிறது என்ற தெளிவு இருந்தால் போதும்.

அடுப்பிலிருந்து இறக்கி வைத்த பிறகும் கல்சட்டியில் குழம்பு கொதித்துக்கொண்டிருப்பதை அறிந்தவர்களுக்கு இந்த ஹீட்டரின் அடிப்படை புதிதல்ல. இரும்பு ஆக்சைடோ மக்னீசியம் ஆக்சைடோ மிகுந்த அடர்த்தியான கற்களை அடுக்கி, இடையில் மின்தகிப்புக் கம்பிகளைச் செருகி, சுற்றிலும் வெப்பம் கடத்தாத உறை போட்டிருப்பார்கள். 3.4 கிலோவாட் ஹீட்டர் 7 மணி நேரத்தில் 23.8 யூனிட் மின்சாரத்தை வெப்பமாக்குகிறது. கற்கள் ஏறத்தாழ 600 பாகை வரை சூடேறுவதாகக் கொண்டால், அவ்வளவு வெப்பத்தைத் தாங்குவதற்குச் சுமார் 150 கிலோ கல் வேண்டும். அந்தப் பெட்டியை ஒருவரால் அசைக்கவும் முடியாததன் காரணம் இதுதான்.

பழைய வகை ஹீட்டரின் மேற்புறத்தில் இரண்டு திருகுகள் இருக்கும். ஒன்று, இரவில் எவ்வளவு வெப்பத்தை ஏற்ற வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். மற்றொன்று, காற்று வெளியேறும் வழியிலுள்ள தகட்டைத் திறந்து மூடும். இரண்டாவது திருகை முழுதாகத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கினால், கற்களில் தங்க வேண்டிய வெப்பத்தில் ஒரு பகுதி ஆளில்லாத கூடத்தைச் சூடாக்கியே தீர்ந்துவிடும். மாலையில் வீடு திரும்பும்போது பெட்டி ஆறிப்போயிருக்கும். இது பழுதல்ல. படுக்கும் முன் அந்தத் திருகைக் குறைத்துவிட்டு, மாலையில் குளிர் தெரியும்போது திறந்தால் சரியாகிவிடும்.

இனி மீட்டருக்கு வருவோம். 1978-இல் அறிமுகமான ‘எகானமி 7’ என்ற கட்டணத் திட்டத்தில் இரவின் 7 மணி நேரத்துக்கு மட்டும் யூனிட் விலை குறைவு. அந்த நேரம் ஊருக்கு ஊர் மாறும்; நள்ளிரவு 12.30 முதல் காலை 7.30 வரை என்பது ஓர் எடுத்துக்காட்டு. பல மீட்டர்கள் ஆண்டு முழுவதும் கிரீனிச் நேரத்தையே பின்பற்றுவதால், கோடையில் நம் கடிகாரப்படி அது 1.30 முதல் 8.30 வரை என்றாகிவிடும்.

அந்த நேரம் தொடங்கும்போது இரண்டு தனித்தனி வேலைகள் நடந்தாக வேண்டும். மீட்டர், யூனிட்டுகளைப் பகல் கணக்கிலிருந்து இரவுக் கணக்குக்கு மாற்றி எழுத வேண்டும். காண்டாக்டர் என்ற கனரக சுவிட்சு மூடிக்கொண்டு, ஹீட்டர்களுக்கென்றே உள்ள தனி ஃபியூஸ் பெட்டிக்கு மின்சாரத்தை அனுப்ப வேண்டும். இரண்டும் ஒரே கணத்தில் நிகழும் என்ற நம்பிக்கையில்தான் முழு ஏற்பாடும் நிற்கிறது. காண்டாக்டர் மூடாவிட்டால் எல்லா ஹீட்டர்களும் ஒன்றாகக் குளிர்ந்து கிடக்கும். அது மூடிய நிலையிலேயே ஒட்டிக்கொண்டால், ஹீட்டர்கள் பகலிலும் பகல் விலைக்கே மின்சாரத்தை இழுக்கும். வீடு சூடாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது என்பதால், இந்த இரண்டாவது நிலையே அதிகக் கேடு செய்வது என்பேன்.

இந்த மாற்றத்தைச் செய்யச் சொல்வது யார்? பழைய வீடுகளில் அது ஒரு கடிகாரம். மின்தடை ஏற்பட்டால் சில கடிகாரங்கள் அத்தனை நேரம் பின்தங்கிப்போகும். 1980-களில் வந்த ரேடியோ டெலிஸ்விட்ச், பிபிசி ரேடியோ 4-இன் 198 கிலோஹெர்ட்ஸ் நெட்டலை ஒலிபரப்போடு சேர்ந்து வரும் குறிப்பலையைக் கேட்டுச் செயல்பட்டது. டிராய்ட்விச் நிலையத்தின் ஒலிபரப்பில், செய்தி கேட்பவர் காதுக்கு எட்டாதபடி அந்தக் கட்டளைகளும் பயணம் செய்தன. அந்தச் சேவை 2025 ஜூன் 30-க்குப் பிறகு கட்டம் கட்டமாக நிறுத்தப்படும் என்று அறிவிக்கப்பட்டது. குறிப்பலை நின்றபின் பழைய கருவியை மாற்றாமல் விட்டால், ஹீட்டர்கள் தவறான நேரத்தில் இயங்கலாம், ஓயாமல் இயங்கலாம், அல்லது இயங்காமலே போகலாம்.

சோதிக்கும் முறை எளிது. படுக்கும் முன் மீட்டரின் இரண்டு எண்களையும் குறித்துக்கொண்டு, காலையில் மறுபடி பாருங்கள். இரவு எண் மட்டும் நன்றாக ஏறியிருந்தால் இரண்டு வேலைகளும் ஒழுங்காக நடந்திருக்கின்றன. பகல் எண்ணும் நன்றாக ஏறியிருந்தால் நேரம் பிசகியிருக்கலாம், அல்லது காண்டாக்டர் ஒட்டிக்கொண்டிருக்கலாம். இரண்டுமே ஏறத்தாழ அசையாமல் இருந்தால் ஹீட்டர்களுக்கு மின்சாரமே போகவில்லை.

மலிவு நேரத்தில் மீட்டரில் சிமிட்டும் சிவப்பு விளக்கைக் கவனித்தால் இன்னும் நுட்பமாக அறியலாம். யூனிட்டுக்கு 1000 சிமிட்டல் என்று மீட்டரில் எழுதியிருந்தால், 3.4 கிலோவாட் ஹீட்டர் ஒன்று மட்டும் ஓடும்போது நிமிடத்துக்கு 56 அல்லது 57 சிமிட்டல்கள் வர வேண்டும். எண்ணிப் பார்த்து 42 அல்லது 43 மட்டுமே வந்தால், அது 2.55 கிலோவாட், அதாவது தலா 850 வாட் கொண்ட நான்கு கம்பிகளில் ஒன்று இறந்திருக்கிறது. ஹீட்டர் வெதுவெதுப்பாக இருந்தும் மாலைக்குள் ஆறிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மற்ற ஹீட்டர்கள் சூடாக இருந்து ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் மீட்டரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. சுவரிலுள்ள சுவிட்சு, அதன் ஃபியூஸ், கம்பி, தெர்மோஸ்டாட் ஆகியவற்றோடு, அளவு மீறிச் சூடானால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு அமைப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஈரத்துணியை ஹீட்டர்மேல் உலர்த்தினாலே அது துண்டித்துவிடக்கூடும்.

உறையைக் கழற்றும் வேலையை மின்பணியாளரிடமே விட வேண்டும். விசிறியோ கூடுதல் ஹீட்டரோ சேர்ந்த வகைகளுக்கு இரவு இணைப்பு ஒன்று, முழுநேர இணைப்பு ஒன்று என இரண்டு மின்வழிகள் இருப்பதால், ஒன்றை அணைத்தாலும் மற்றதில் உயிர் இருக்கும். 1970-களின் நடுப்பகுதிக்கு முந்தைய சில ஹீட்டர்களில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) வைத்திருந்தார்கள். அவற்றைத் திறக்கவே கூடாது. முத்திரையிட்ட மீட்டரும் அதன் நேர சுவிட்சும் மின்வழங்கும் நிறுவனத்தின் பொறுப்பு. புது மீட்டர் பொருத்த வருபவரிடம், ஹீட்டர்களுக்கான தனி இரவு இணைப்பு வீட்டில் இருப்பதை முன்கூட்டியே சொல்லி, அதற்கேற்ற மீட்டரையே கேட்டு வாங்குங்கள். மாற்றிய முதல் இரவே இரண்டு எண்களையும் குறித்து வைத்தால், பிசகு இருந்தால் மறுநாளே தெரிந்துவிடும்.