பத்து வருடமாக அதே டைதான், டாக்டர்

இமை வீங்கிக் கண் திறக்க முடியாமல், நெற்றியோரமும் காதுமடலும் சிவந்து நீர் கசிய வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, கடைசியாக எப்போது ஹேர் டை போட்டீர்கள் என்பதுதான். "முந்தாநாள். ஆனால் அதனால் இருக்காது டாக்டர், பத்து வருடமாக அதே டைதான்" என்கிறார்கள். ஒவ்வாமை அப்படி வருவதில்லை. ஒரு பொருள் ஆகாது என்று உடல் எந்த நாளில் முடிவுகட்டுகிறதோ அன்றிலிருந்துதான் தொல்லை. அது ஐந்தாவது தடவையாகவும் இருக்கலாம், ஐம்பதாவது தடவையாகவும் இருக்கலாம்.

பெரும்பாலும் காரணம், டையில் கருமை தரும் பிபிடி எனப்படும் பாராஃபீனைலின்டைஅமின் என்ற வேதிப்பொருள். அட்டையில் "அமோனியா இல்லை", "மூலிகை" என்று இருந்தாலும் உள்ளே பிபிடி இருக்கலாம். திருவிழாக் கடைகளில் கன்னங்கரேலென்று பிடிக்கும் மருதாணிக் கோனிலும் இதைக் கலப்பதுண்டு. அரைத்த இலை சிவக்கும், அப்படிக் கருக்காது.

ஒரு பொருள் ஒவ்வாமை தருமா என்று ஆய்வகத்தில் பார்க்கும் முறைகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. தோல் செல்லுக்குள் என்ஆர்எஃப்2 என்ற புரதத்தை கீப்1 என்ற புரதம் பிடித்து வைத்திருக்கிறது. ஒவ்வாமை தரும் பல பொருள்கள் கீப்1-இல் ஒட்டிக்கொள்ளும். பிடி தளர்ந்து என்ஆர்எஃப்2 உட்கருவுக்குப் போய்த் தற்காப்பு மரபணுக்களை எழுப்பிவிடும். வளர்ப்புத் தோல் செல்களில், என்ஆர்எஃப்2 எழுப்பும்போது ஒளிரும்படி மின்மினியின் ஒளி மரபணுவைச் சேர்த்திருக்கிறார்கள். பொருளை அந்தச் செல்களில் சேர்த்து 48 மணி நேரம் கழித்து அளக்கும்போது வெளிச்சம் ஒன்றரை மடங்கு கூடியிருந்தால், அந்தப் பொருள் சந்தேகத்துக்கு உரியது. ஓஈசிடி (OECD) என்ற பன்னாட்டு அமைப்பு 2015-இல் ஏற்ற முறை இது. முயலும் எலியும் இதற்குத் தேவையில்லை. ஆனால் இது ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதில்லை, வேறு சோதனைகளோடு சேர்த்தே பார்க்கிறார்கள்.

அந்த வெளிச்சம் பொருளைப் பற்றித்தான் சொல்லும், உங்களைப் பற்றிச் சொல்லாது. உங்களுக்கு பேட்ச் டெஸ்ட் வேண்டும். வாசலினில் 1 சதவீத பிபிடி கலந்து, சட்டைப் பொத்தான் அளவுக் கிண்ணத்தில் வைத்து முதுகில் ஒட்டுவோம். இரண்டு நாள் முதுகு நனையக் கூடாது. பிரித்த பிறகு ஓரிரு நாள் கழித்து மறுபடி பார்ப்போம். ஆகாதவர்களுக்கு அந்த வட்டம் மட்டும் தடித்துச் சிவந்து, கடுகு கடுகாய்க் கொப்புளித்திருக்கும். அப்படி வந்துவிட்டால் பிராண்டை மாற்றிப் பயனில்லை; பிபிடி உள்ள எந்த டையும் இனி வேண்டாம்.

மற்றவர்கள் ஒவ்வொரு முறையும் காதுக்குப் பின்னால் துளி தடவி 48 மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். வீக்கத்தோடு வர நேர்ந்தால் டைப் பெட்டியை அட்டையும் உள்தாளுமாக எடுத்துவாருங்கள்.