ஃபிரான்சைஸ்: பாட்டு வரிசை நிகழ்ச்சிக்கு இந்தப் பெயர் பொருந்துமா?

மதுரையில் ‘ஃபிரான்சைஸ்’ என்ற சொல் இப்போது சரளமாகப் புழங்குகிறது. ஜிகர்தண்டா கடை போட நினைப்பவர் “ஃபிரான்சைஸ் எடுத்தா எவ்வளவு ஆகும்?” என்று விசாரிக்கிறார். டிஎன்பிஎல் கிரிக்கெட் பார்க்கிற பையன்கள் மதுரை அணியை ஃபிரான்சைஸ் என்கிறார்கள். மூன்று பாகம் வந்த படத்துக்கும் அதே பெயர். இப்போது வானொலியையும் அது தொட்டிருக்கிறது. வாராவாரம் பாடல்களை வரிசைப்படுத்திக் கடைசியில் முதலிடத்தைச் சொல்லும் கவுண்ட்டவுன் நிகழ்ச்சி நாற்பது வருஷம் ஓடியிருந்தால், அதுவும் ஃபிரான்சைஸ்தானே என்று கேட்கிறார்கள்.

ஓடிய வருஷக் கணக்கு இதற்கு விடை சொல்லாது. சொல் பிறந்த இடத்திலிருந்து வந்தால்தான் தெளிவாகும்.

பழைய பிரெஞ்சில் ‘பிராங்க்’ என்றால் கட்டில்லாதவர், சுதந்திரர். பிராங்கியர் என்ற இனத்தார் பிரான்சை ஆண்ட காலத்தில், அவர்கள் பெயரே சுதந்திரத்தைக் குறிக்கும் சொல்லானது. அதிலிருந்து வந்த ஃபிரான்சைஸ், முதலில் விடுதலையையும், பிறகு ஒருவருக்கோ ஓர் ஊருக்கோ மன்னர் தரும் விலக்கையும் சலுகையையும் குறித்தது. வரி விலக்கு, சந்தை கூட்டும் உரிமை, ஓடத்துறை நடத்தும் உரிமை எல்லாம் இதில் அடக்கம்.

நம் நாட்டில் இது புதிய சங்கதியே அல்ல. கல்வெட்டுகளில் வரும் ‘இறையிலி’, அதாவது வரி நீக்கிய நிலம், இதே வகைதான். வேள்விக்குடிச் செப்பேட்டைப் பாருங்கள். பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதி கொடுத்த ஊர் களப்பிரர் காலத்தில் பறிபோனது. பல தலைமுறை கழித்து, 8ஆம் நூற்றாண்டில், அந்த ஊரை முதலில் பெற்றவரின் வழியில் வந்த ஒருவர் கூடல் மாநகரில், அதாவது மதுரையில், பாண்டிய மன்னன் நெடுஞ்சடையன் முன் முறையிட்டு அதைத் திரும்பப் பெற்றார். கொடுத்தவரும் போய், வாங்கியவரும் போய், உரிமை மட்டும் நின்றிருக்கிறது. ஃபிரான்சைஸின் உயிர்நாடி இதுதான்: ஆளிடமிருந்து பிரித்து, இன்னொருவர் கைக்கு மாற்றக்கூடிய உரிமை.

வாக்களிக்கும் உரிமைக்கும் இச்சொல்லே வந்தது. 1932இல் லோதியன் பிரபு தலைமையில் இந்தியாவில் யார் யார் வாக்களிக்கலாம் என்று ஆராய்ந்த குழுவின் பெயரில் இருந்தது இந்த ஃபிரான்சைஸ்தான். நம் பாடநூல்களில் அது ‘வாக்குரிமை’ என்று அழகாக நிலைத்துவிட்டது. வணிகத்தில், ஒரு கடையின் பெயரையும் செய்முறையையும் பணம் கட்டி வாங்கி இன்னோர் ஊரில் நடத்துவது ஃபிரான்சைஸ். “எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் இல்லை” என்று பலகை வைத்திருக்கும் கடைக்காரர், அப்படி யாருக்கும் உரிமம் தரவில்லை என்றும் சேர்த்துத்தான் சொல்கிறார். 2008இல் ஐபிஎல் அணிகளை ஏலம் விட்டபோது விற்றதும் ஊர்ப் பெயரில் அணி நடத்தும் உரிமைதான்.

இனி வானொலிக்கு வருவோம். இரண்டு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்தால் போதும்.

1952 டிசம்பரில் இலங்கை வானொலியில் தொடங்கியது ‘பினாக்கா கீத்மாலா’. அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கி வைத்த நேரம் அது. அமீன் சயானி புதன்கிழமை இரவுகளில் இந்திப் பாடல்களை வழங்கினார். வரிசைப்படுத்தும் முறை ஒன்றிரண்டு ஆண்டுகள் கழித்து வந்தது. இசைத்தட்டு விற்பனையும் நேயர் மன்றங்களின் வாக்கும் அதற்கு அடிப்படை. ஒவ்வோர் இடத்தையும் அவர் ‘படி’ என்ற பொருளில் ‘பாய்தான்’ என்றே சொன்னார். விளம்பரதாரரின் பினாக்கா பற்பசை சிபாக்கா எனப் பெயர் மாறியபோது நிகழ்ச்சியும் ‘சிபாக்கா கீத்மாலா’ ஆனது. பின்னர் விவித் பாரதிக்கு மாறி 1990களின் நடுப்பகுதி வரை ஓடியது. நாற்பது ஆண்டுக்கு மேல். ஆனால் நிலையம் மாறியது, பெயரின் முன்பாதி மாறியது, மாறாமல் இருந்தது சயானியின் குரல். அந்தக் குரல் இல்லாத கீத்மாலாவை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஆகவே அது மாபெரும் நிகழ்ச்சி, ஃபிரான்சைஸ் அல்ல. இப்படிச் சொல்வதால் அதன் பெருமையில் ஒரு குன்றிமணியும் குறையாது.

‘அமெரிக்கன் டாப் 40’ கதை வேறு. 1970 ஜூலை 4இல் கேசி கேசம் குரலில், ஏழே நிலையங்களில் தொடங்கியது. வாராவாரம் நிகழ்ச்சியை இசைத்தட்டில் பதிந்து நிலையங்களுக்கு அனுப்பினார்கள். பல நிலையங்களில் ஒலித்ததாலேயே அதை ஃபிரான்சைஸ் என்று சொல்லிவிடக் கூடாது. மதுரை–ராமநாதபுரம் ஏரியாவை வாங்கிய விநியோகஸ்தர் படப்பெட்டியை மேலூருக்கும் பரமக்குடிக்கும் அனுப்பினால் படம் ஒன்றுதான், அது விநியோகம். ஆனால் 1973இல் ‘கன்ட்ரி’ என்ற அமெரிக்க இசை வகைக்கென்று ‘அமெரிக்கன் கன்ட்ரி கவுண்ட்டவுன்’ தனியாகக் கிளைத்தது. 1980இல் தொலைக்காட்சிக்கு ‘அமெரிக்காஸ் டாப் 10’ வந்தது. 1988இல் கேசம் வெளியேற, ஷேடோ ஸ்டீவன்ஸ் அதே பெயரில் நடத்தினார். கேசம் மறு ஆண்டு போட்டி நிகழ்ச்சி தொடங்கியபோது தன் குரலைக் கொண்டுபோக முடிந்ததே தவிர, பெயரைக் கொண்டுபோக முடியவில்லை. ‘கேசீஸ் டாப் 40’ என்றுதான் வைக்க வேண்டியிருந்தது. 1998இல் பழைய பெயருக்கே திரும்பினார். 2004 முதல் ரையன் சீக்ரெஸ்ட். ஆள் மாறியும் பெயர் நின்றது, அதிலிருந்து கிளைகளும் விட்டன. இது ஃபிரான்சைஸ் என்பதில் எனக்கு ஐயமில்லை.

தமிழில் எப்படிச் சொல்வது? எல்லாப் பொருளுக்கும் ஒரே சொல்லைத் தேடுவது வீண்வேலை. வாக்கு என்றால் வாக்குரிமை. கடை என்றால் ‘கிளை உரிமம்’. தருபவர் உரிமம் அளிப்பவர், எடுப்பவர் உரிமம் பெற்றவர். கிரிக்கெட்டில் ‘அணி’ என்றாலே போதும். படம், வானொலி, தொலைக்காட்சிக்கு ‘தொடர்’ என்று எழுதுகிறார்கள், அது சரிப்படாது, கீத்மாலாவும் தொடர்தானே. ‘படைப்புக் குடும்பம்’ என்பதே என் தேர்வு. தாய்ப்படைப்பு ஒன்று, அதன் வழி வந்த கிளைப்படைப்புகள், எல்லாவற்றுக்கும் ஒரே பெயருரிமை என மூன்றும் அதில் அடங்கும்.

நம்மூர் நேயர்கள் உடனே கேட்பது ‘பாட்டுக்குப் பாட்டு’ பற்றி. அது வரிசை நிகழ்ச்சி இல்லை, போட்டி. ஆனால் கேள்வி நியாயமானது. இலங்கை வானொலியில் பி. எச். அப்துல் ஹமீத் நடத்தியதை மதுரைப் பக்கம் வீட்டுக்கு வீடு கேட்டார்கள். பின்னர் அவரே அதைச் சன் தொலைக்காட்சியில் நடத்தினார். இரண்டு ஊடகம், பல்லாண்டு, அதே பெயர். என்றாலும் படைப்புக் குடும்பம் என்று சொல்ல மனம் வரவில்லை. கல்லூரி ஆண்டு விழாவிலும், தெருப் பொங்கல் விழாவிலும், பஸ்ஸில் சுற்றுலா போகும்போதும் அதே பெயரில், அதே விதியில் ஆடுகிறார்கள். கடைசி எழுத்தைப் பிடித்து அடுத்த பாட்டைத் தொடங்குகிறார்கள். யாரும் யாரிடமும் உரிமம் கேட்பதில்லை. அது ஊர்ப் பொதுச்சொத்தாகிவிட்டது.