கைலாவகம்: கடதாசி வித்தையின் உள்ளே இருக்கும் சொல்

கொழும்பு வெள்ளவத்தையிலுள்ள எங்கள் வீட்டில் ஒரு மாலை, கைத்தொலைபேசியில் பார்த்துப் பழகிய, விளையாட்டுக் கடதாசிகளைக் கொண்டு செய்யும் வித்தையொன்றைச் செய்து காட்டிய மருமகன், “மாமா, ஸ்லைற் ஒஃப் ஹான்ட் எண்டதுக்குத் தமிழிலை என்ன சொல்லுறது?” என்று கேட்டான். பார்ப்பவர் அறியாமல் விரல்கள் செய்யும் தந்திரத்துக்கான ஆங்கிலச் சொல் அது. நான் யோசித்துக்கொண்டிருக்கையிலேயே அம்மா, “செப்பிடுவித்தை” என்று விடை சொல்லிவிட்டார். அவ்விடை சரியானதே, ஆயினும் அவன் கேட்டதற்கு முழு விடை அதுவன்று என்பதால் இதனை எழுதுகிறேன்.

செப்பு என்பது சிறு கிண்ணத்தையும் சிமிழையும் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். கிண்ணங்களைக் கவிழ்த்து, அவற்றின் அடியிலுள்ள சிறு உருண்டைகளை மறையவும் தோன்றவும் செய்யும் வித்தையே செப்பிடுவித்தை. செப்படிவித்தை என்ற வடிவமும் வழக்கில் உண்டு. இது உலகின் மிகப் பழைய கைவித்தைகளுள் ஒன்று. கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமைய அறிஞர் செனெக்கா தமது கடிதமொன்றில் கிண்ணமும் கல்லும் கொண்டு செய்யும் இவ்வித்தையைக் குறிப்பிடுகிறார். தமிழில் இதன் பெயரே காலப்போக்கில் எல்லா வகையான கைவித்தைகளுக்கும் பொதுப்பெயராக விரிந்தது. ஆகவே மருமகன் செய்து காட்டியதைச் செப்பிடுவித்தை எனலாம். ஆனால் அவ்வித்தைக்குள்ளே அவனது விரல்கள் செய்த செயலுக்குத் தனிப்பெயர் வேண்டும். ‘கண்கட்டு வித்தை’ என்பதும் பார்ப்பவரின் கண்ணுக்கு நேர்வதைச் சொல்கிறதே அன்றி, செய்பவரின் கையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

ஆங்கிலச் சொல்லின் வேர் பழைய நோர்டிக் மொழியில் உள்ளது. ‘ஸ்லைற்’ என்பதன் மூலப்பொருள் தந்திரம், சூழ்ச்சி என்பதாகும். அதே கலைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘லெஜர்டிமெயின்’ என்ற சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. அதன் பொருள் ‘கை இலேசானது’. இதே கருத்தை வடமொழியும் தன் வழியில் எட்டியிருக்கிறது. காமசூத்திரம் இயற்றிய வாத்ஸ்யாயனர் தொகுத்துக் கூறும் அறுபத்து நான்கு கலைகளுள் ‘ஹஸ்தலாகவம்’ ஒன்று. இலகு என்றால் பாரமற்றது. அதன் தன்மை இலாகவம். தமிழர் வாயில் இது எழுத்து நிலைமாறி ‘லாவகம்’ ஆயிற்று. தசை சதையானதும் விசிறி சிவிறியானதும் இவ்வாறே. பிரெஞ்சும் வடமொழியும் ஒன்றையொன்று பாராமலே கையின் இலேசைப் பெயராக்கியிருப்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

இலேசு என்பது ஏன் முக்கியம் என்பதை மருமகன் செய்த வித்தையைக் கொண்டே விளக்கலாம். தொடக்கநிலையினர் கற்பதற்கு ஏற்ற வித்தை அது. கடதாசிக் கூட்டத்தை ஒழுங்காக அடுக்குவதுபோலச் சற்றுச் சாய்த்து, அடிக் கடதாசியைக் கண்ணால் தொட்டுக்கொள்ள வேண்டும். அதுவே அடையாளக் கடதாசி. பின்னர் கலைக்கும்போது, இடக்கை விரல்கள் அடிக் கடதாசியை மெல்ல அழுத்திப் பிடிக்க, பெருவிரல் மேல் கடதாசியைப் பிடிக்க, எஞ்சியவற்றை வலக்கை உருவி எடுத்து அவற்றின் மேல் சிறிது சிறிதாகப் போட வேண்டும். எல்லாம் கலைந்ததுபோலத் தோன்றினாலும் அடிக் கடதாசி அடியிலேயே இருக்கும். இனி, பார்ப்பவர் ஒன்றை எடுத்து மனத்தில் வைத்துக்கொண்டு, அதைக் கூட்டத்தின் மேலே வைத்து, கூட்டத்தை இரண்டாக வெட்டி, கீழ்ப்பகுதியை மேலே ஏற்றுவார். அப்போது அடையாளக் கடதாசி அவருடைய கடதாசிக்கு நேர் மேலே வந்தமரும். முகம் தெரியும்படி மேலிருந்து ஒவ்வொன்றாக வைத்துச் செல்கையில், அடையாளத்தை அடுத்து வருவதே அவர் எடுத்தது. எத்தனை முறை இவ்வாறு வெட்டினாலும் இந்த அயல் உறவு கெடாது. அடையாளக் கடதாசி கடைசியாக வந்தால் மட்டும், முதலில் வந்ததே விடை.

இங்கே இந்தக் கடதாசிக் கணக்கை எவரும் ஐந்து நிமிடத்தில் கற்றுவிடலாம். அடிக் கடதாசியை அழுத்தும் விரல்களே வாரக்கணக்கில் பழக வேண்டியவை. அவை சற்று இறுகினால் கடதாசி வளையும், முட்டி வெளுக்கும், பார்ப்பவர் கண் அங்கே போய்விடும். வேகமாகச் செய்தாலும் அதுவே நேரும். அதனால்தான் ‘கைவிரைவு’ என்ற மொழிபெயர்ப்பை நான் ஏற்பதில்லை. ‘கைக்கரவு’ சிலருக்கு உவப்பாக இருக்கலாம். ஆனால் கரவு என்ற சொல்லை வள்ளுவர் கள்ளாமை அதிகாரத்தில் களவோடு சேர்த்தே ஆண்டிருப்பதால், பிள்ளைகள் கற்கும் ஒரு கலைக்கு அதைச் சூட்ட மனம் வரவில்லை. நொய்ம்மை என்பது இலேசைக் குறிக்கும் நல்ல தமிழ்ச்சொல் என்றாலும், இன்று அது பலவீனத்தையே நினைவூட்டுகிறது. கைலாவகம் என்பதே பொருளிலும் பேச்சிலும் நிற்கக்கூடியது. வடசொல் வேண்டாம் என்போர் ‘கைந்நுட்பம்’ எனலாம். அதில் இலேசு என்ற பொருள் மட்டும் குறையும்.

கடதாசி என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழகத்தார் சீட்டு என்பதை நாம் கடதாசி, காட்ஸ் என்கிறோம். கொழும்பில் சீட்டு என்றால், பலர் மாதந்தோறும் பணம் போட்டு முறைவைத்து எடுக்கும் சேமிப்பே முதலில் நினைவுக்கு வரும். ஆகவே இங்கே ‘சீட்டு வித்தை’ என்று எழுதினால் பொருள் மயங்கும்.

இவ்வகை வித்தைக்கு ‘இம்ப்ரொம்ப்டு’ என்ற ஆங்கில அடைமொழியும் சேர்ந்து வருகிறது. தனியாகச் செய்த கருவியோ, முன்கூட்டி அடுக்கிய கூட்டமோ இல்லாமல், இரவல் கடதாசியிலேயே செய்வது என்பது பொருள். எங்கள் வீட்டில் இருந்தது 304 என்னும் கடதாசி ஆட்டம் விளையாடுவதற்காக ஏழுக்குக் கீழ்ப்பட்டவற்றை நீக்கிய 32 கடதாசிகள்தாம். 52 இல்லாவிட்டாலும் வித்தை பிசகவில்லை. இவ்வடைமொழியை ‘ஆயத்தமற்ற’ என்று பெயர்ப்பது பிழை. இலத்தீன் மூலமாகிய ‘இன் ப்ரொம்ப்டூ’ ஆயத்த நிலையில் இருப்பதையே குறிக்கிறது. தமிழில் இதற்கு ஆசுகவி என்ற முன்மாதிரி உண்டு. கொடுத்த பொருளில் அக்கணமே பாடுபவர் ஆசுகவி. யாப்பை அவர் அக்கணத்தில் கற்பதில்லை. அதன் வழியில் இதனை ‘ஆசுவித்தை’ என்று அழைக்க விரும்புகிறேன். மருமகனின் குறிப்பேட்டில் இப்போது ‘ஆசுவித்தை: அடையாளக் கடதாசி’ என்ற தலைப்பும், அதன் கீழே ‘கைலாவகம், இடக்கை, ஒரு நாளைக்குப் பத்து நிமிடம்’ என்ற வரியும் இருக்கின்றன.