வளையம் நிற்காது!

என்னோடு விண்வெளிப் படம் பார்க்க வீட்டில் யாரும் வருவதில்லை. வெற்றிடத்தில் குண்டு வெடித்துச் சத்தம் கேட்டால் வாய் சும்மா இருக்காது, பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்ப்பார், தங்கை தொடையில் கிள்ளுவாள். இயற்பியல் படித்தவனுக்கு வரும் வியாதி இது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் 1971 போஸ்டன் கதை தெரிந்தது.

அதற்கு முந்தைய ஆண்டு லாரி நிவன் என்ற அமெரிக்க எழுத்தாளர் ‘ரிங்வேர்ல்ட்’ என்று ஒரு நாவல் எழுதியிருந்தார். ஒரு நட்சத்திரத்தைச் சுற்றி, நமக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தில், அதாவது ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் ஆரத்தில், நாடா போல ஒரு மாபெரும் வளையம். அதன் உள்பக்கத்தில் கடல், மலை, மனிதர்கள் எல்லாம் உண்டு. ராட்டினம் வேகமாகச் சுற்றும்போது நம்மை வெளிப்பக்கமாக அழுத்துகிறதே, அந்த மாதிரி வளையம் சுழல்வதால்தான் அவர்களுக்குக் கால் தரையில் நிற்கிறது. பூமியில் உள்ள அதே எடை வேண்டுமென்றால் வளையம் நொடிக்குச் சுமார் 1,200 கிலோமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும், ஒன்பது நாளுக்கு ஒரு சுற்று. அந்த இழுவையைத் தாங்கும் பொருள் எதுவும் நம்மிடம் இல்லை. நிவன் அதற்குத் தானே ஒரு பெயர் வைத்து ஒரு பொருளைப் படைத்துவிட்டார். போகட்டும், கதைதானே.

ரசிகர்கள் அதை விட்டுவிட்டார்கள். விடாதது வேறொன்று. போஸ்டனில் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டில் எம்.ஐ.டி. என்ற அமெரிக்கத் தொழில்நுட்பக் கல்லூரியின் மாணவர்கள் நடைகூடங்களில் கோஷம் போட்டுக்கொண்டு போனார்களாம்: “ரிங்வேர்ல்ட் நிலையற்றது! ரிங்வேர்ல்ட் நிலையற்றது!” இதைப் பின்னாளில் எழுதிவைத்தவரும் நிவன்தான்.

அவர்கள் சொன்னது சரி. ஏன் என்று பார்க்க, முதலில் வளையத்தை விட்டுவிட்டு உள்ளே காலியான ஒரு முழு உருண்டையை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே, நட்சத்திரத்துக்குப் பதிலாக நீங்கள், மையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி நிற்கிறீர்கள், ஒரு கையில் முன்பக்கம் பார்த்த டார்ச், இன்னொரு கையில் பின்பக்கம் பார்த்த டார்ச். ஒரு பக்கச் சுவர் இரண்டு மடங்கு தூரத்தில் இருந்தால் அங்கே விழும் வெளிச்ச வட்டம் நான்கு மடங்கு பெரிது, அதாவது நான்கு மடங்கு பொருள் அங்கிருந்து உங்களை இழுக்கிறது. ஆனால் தூரம் இரட்டித்தால் ஈர்ப்பு நான்கில் ஒன்றாகிவிடும். நான்கும் நான்கில் ஒன்றும் அடிபட்டுப் போகின்றன, இரண்டு பக்கமும் சமம், எங்கே நின்றாலும் எந்தப் பக்கமும் இழுக்காது. இது நியூட்டன் காலத்துக் கணக்கு.

இப்போது உருண்டையை எடுத்துவிட்டு வெறும் நாடாவை வையுங்கள். டார்ச் வெளிச்சம் நாடாவின் நீளத்தில் மட்டும்தான் விரிய முடியும், மேலும் கீழும் பொருளே இல்லை. தூரம் இரண்டு மடங்கானால் பொருளும் இரண்டே மடங்கு, ஈர்ப்போ நான்கில் ஒன்று. தொலைவில் உள்ள பக்கம் தோற்கிறது, அருகில் உள்ள பக்கம் ஜெயிக்கிறது. வளையம் ஒரு மயிரிழை நகர்ந்தால் போதும், நகர்ந்த திசையிலேயே இன்னும் இழுக்கப்படும், நகர நகர இழுப்பும் கூடும். காந்தம் ஒட்டுகிற ஒரு சாவி வளையத்தின் நடுவில் சின்னக் காந்தத்தை எதையும் தொடாமல் நிறுத்திப் பாருங்கள், காரணமும் அளவும் வேறு என்றாலும் அந்த ‘டக்’ உங்களுக்குப் புரியும்.

பம்பரம் சுற்றுவதால்தானே நிற்கிறது, வளையமும் சுற்றுகிறதே என்று கேட்கலாம், நானும் கேட்டேன். சுழற்சி வளையம் சாயாமல் காக்கும், மொத்தமாகப் பக்கவாட்டில் நழுவுவதைத் தடுக்காது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: சூரியன் அளவு நட்சத்திரம் என்றால் விலகல் சுமார் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. ஒரே ஒரு கிலோமீட்டர் விலகலில் தொடங்கினாலும் நாலைந்து ஆண்டுக்குள் வளையம் நட்சத்திரத்தில் போய் இடிக்கும்.

வேடிக்கை என்னவென்றால் இதே சங்கதியை இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் நூறு வருடத்துக்கு முன்பே போட்டு முடித்திருந்தார். சனிக்கோளின் வளையம் எதனால் ஆனது என்ற போட்டிக் கேள்விக்கு அவர் எழுதிய கட்டுரை 1857-ல் ஆடம்ஸ் பரிசு வாங்கியது. திடமான சீரான வளையம் நிற்காது என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் அவருக்கும் முன்னால் சொல்லியிருந்தார். மேக்ஸ்வெல் ஒவ்வொரு வழியாக அடைத்து, தனித்தனியாகச் சுற்றும் எண்ணற்ற துண்டுகளாகத்தான் அது இருக்க முடியும் என்று முடித்தார். 1895-ல் வானியலாளர் ஜேம்ஸ் கீலர் சனியின் வளையத்தின் ஒளியை நிறமாலையில் பிரித்துப் பார்த்தபோது உள்விளிம்பு வேகமாகவும் வெளிவிளிம்பு மெதுவாகவும் ஓடுவது தெரிந்தது. ஒரே தகடாக இருந்தால் வெளிவிளிம்புதான் வேகமாக ஓடியிருக்க வேண்டும்.

நிவன் கோபித்துக்கொள்ளவில்லை, இதுதான் எனக்குப் பிடித்த இடம். அடுத்த நாவலில் வளையத்தின் விளிம்புச் சுவர்களில் அதை நடுவில் பிடித்துவைக்க இயந்திரங்கள் இருந்தன என்று எழுதினார், அவற்றில் பலவற்றை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டதால் வளையம் நழுவத் தொடங்கியதையே கதையாக்கிவிட்டார். ‘ரிங்வேர்ல்ட்’ முதல் பதிப்பில் இன்னொரு கூத்தும் இருந்தது. நாயகன் பிறந்தநாளை நீட்டிக்க நள்ளிரவுக்கு முன்னால் ஊர் ஊராகக் கிழக்கே தாவுகிறான். நமக்கு நள்ளிரவு 12 ஆகும்போது லண்டனில் குளிர்கால மாலை 6.30தான், ஆக அவன் மேற்கே போயிருக்க வேண்டும். அடுத்த பதிப்பில் திருத்தினார்கள், பிழையுள்ள பிரதியைத்தான் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள்.

போன மாதம் அக்கா மகன் ‘ஹேலோ’ என்ற வீடியோ கேம் விளையாடிக்கொண்டிருந்தான். அதிலும் ஒரு வளையம், 10,000 கிலோமீட்டர் விட்டம். இதைக் கேட்டுவிட்டு, “அப்போ இதுவும் இடிச்சிருமா மாமா?” என்றான். அது எதையும் நடுவில் வைத்துச் சுற்றவில்லை, முழு வளையமும் ஒரு நிலவு மாதிரி விண்வெளியில் கிடக்கிறது, அதனால் இந்தச் சிக்கல் அதற்குக் கிடையாது என்றேன். அவனுக்கு ஏமாற்றம்தான்.