பார்கோடு இல்லாம வர்ற சாமானும் அந்த 'இதர' பட்டனும்

ஓணத்துக்கு முந்தின வாரம், மார்த்தாண்டம் பக்கம் ஒரு சூப்பர் மார்க்கெட், கவுண்டர்ல வரிசை வாசல் வரைக்கும் நிக்குது. ஒரு அக்கா கூடையில ஏத்தங்கா சிப்ஸ் ரெண்டு பாக்கெட், ரப்பர் தோட்டத் தேன் ஒரு பாட்டில், சுக்குக் கருப்பட்டி அரைக்கிலோ. எதுலயும் பார்கோடு கிடையாது. பில் போடுற பிள்ள ஒரு நிமிஷம்கூட யோசிக்கல, 'இதர சாமான்'னு ஒரு பட்டன் இருக்கு, அத தட்டி விலைய மட்டும் அடிச்சா, முடிஞ்சுது. அந்தப் பிள்ளைய குத்தம் சொல்லி பிரயோஜனம் இல்ல, அவ்வளவு கூட்டத்துல நானா இருந்தாலும் அதத்தான் தட்டியிருப்பேன்.

நாகர்கோவில், தக்கலை, களியக்காவிளைன்னு கடை கடையா பில்லிங் சாஃப்ட்வேர் போட்டுக் குடுக்குறதுதான் என் தொழில். மாசக் கடைசில அந்தக் கடை அண்ணாச்சி போன் பண்ணி, "தம்பி, சிஸ்டத்துல தேன் 64 பாட்டில் காட்டுது, ரேக்குல ஒண்ணுமில்ல, எவனோ தூக்கிட்டுப் போறான்"னு ஒரே சத்தம். போயி ரிப்போர்ட்ட எடுத்தா திருட்டும் இல்ல ஒண்ணும் இல்ல, 64 பாட்டிலும் ஒழுங்கா காசுக்குத்தான் வித்திருக்கு, எல்லாம் 'இதர'க்குள்ள கெடக்கு, தேன் ஸ்டாக்குல கழியவே இல்ல. கூடவே கருப்பட்டி, சிப்ஸ், மரச்சீனி அப்பளம், கருவாடு எல்லாத்தையும் ஒரே ஜிஎஸ்டி ரேட்டுல போட்டுத் தள்ளிருக்கு, அது தனித் தலவலி.

அதனால நான் கடைக்காரங்ககிட்ட மொத சொல்லுறது, பார்கோடு இல்லாத சாமான் கவுண்டருக்கே வரக்கூடாது, வண்டிலேர்ந்து இறக்குற இடத்துலேயே நம்பர் போட்டு ஸ்டிக்கர் ஒட்டிட்டுத்தான் ரேக்குக்குப் போகணும். நம்ம ஊர்ல பாதிச் சரக்கு வீட்டுலயும் குழுவுலயும் செஞ்சு வர்றது, அவங்ககிட்ட பார்கோடு இருக்காது, மளிகைச் சாமானுக்கு அது சட்டப்படி கட்டாயமும் இல்ல. நம்மதான் போட்டுக்கணும்.

நம்பர் போடுறதுலதான் எல்லாரும் சொதப்புவாங்க, நானும் சொதப்பியிருக்கேன். தொழிலுக்கு வந்த புதுசுல, பிஸ்கட் பாக்கெட்ல எல்லாம் 890னு ஆரம்பிக்குதே, நம்மளும் அப்படியே போடுவோம்னு நானா 13 இலக்கம் உருவாக்கி புளி அரைக்கிலோவுக்கு ஒட்டிட்டேன். ஆறு மாசம் கழிச்சு ஒரு கம்பெனி சோப்பு வந்துது, ஸ்கேன் பண்ணா 'புளி 500 கிராம்'னு பில் வருது, கடையில சிரிப்பா சிரிச்சாங்க. 890ங்கிறது பார்கோடு நம்பர் ஒதுக்குற ஜிஎஸ்1 இந்தியாங்கிற அமைப்புகிட்ட காசு கட்டிப் பதிவு பண்ணவங்களுக்குக் குடுக்குற வரிசை, நம்ம இஷ்டத்துக்கு எடுக்க முடியாது. கடைக்குள்ள மட்டும் புழங்குறதுக்குன்னே 200லேர்ந்து 299 வரைக்கும் ஒதுக்கி வச்சிருக்காங்க, அதாவது 2ல ஆரம்பிக்கிற நம்பர். நிறுத்து விக்கிற சாமானுக்கும் அதே வரிசைதான், தராசே ஸ்டிக்கர் அடிச்சுத் தரும். 2100045007359னு வந்தா முன்னாடி 21 கடைக்குள்ள போட்ட நம்பர்ங்கிற அடையாளம், 00045 கருவாடு, 00735ங்கிறது எடை, 735 கிராம், கடைசி 9 சரிபார்க்குற இலக்கம். எடையில்லாம எண்ணி விக்கிற சின்னச் சாமானா இருந்தா இவ்வளவு நீளமே தேவையில்ல, கோட் 128ங்கிற இன்னொரு வகை பார்கோடுல ஆறு இலக்கம் போதும், சின்ன லேபிள்லயும் கோடு நெரிசல் இல்லாம நிக்கும்.

அப்புறம் இந்த நம்பர் லிஸ்ட்ட எக்செல்ல போடும்போது நம்பர் வர்ற நெடுவரிசைய டெக்ஸ்ட்னு மாத்திட்டுப் போடுங்க, இல்லன்னா 13 இலக்கத்த 2.1E+12னு சுருக்கிக் காட்டும், முன்னாடி சைபர் இருந்தா அத முழுங்கிரும்.

பார்கோடு இருந்தும் ஸ்கேன் ஆகாததும் உண்டு. ஒரு தேங்காய் எண்ணெய் பாக்கெட், கண்ணாடி மாதிரி கவர், அதுல அழகா சிவப்புல கோடு அடிச்சிருந்தாங்க. கவுண்டர் ஸ்கேனர் வெளிச்சமே சிவப்பு, அதுக்கு சிவப்புக் கோடும் வெள்ளையும் ஒண்ணுதான். வெள்ளப் பின்னணியில கறுப்புக் கோடு, ரெண்டு பக்கமும் கொஞ்சம் வெறும் இடம், இவ்வளவுதான் அதுக்கு வேணும். பல்க்கா கவர் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சாம்பிள கடைக்குக் கொண்டு வந்து ஸ்கேன் பண்ணிப் பாருங்கன்னா யாரும் கேக்க மாட்டாங்க, அம்பதாயிரம் கவர் அடிச்ச பிறகுதான் வருவாங்க.

ஸ்டிக்கர் பேப்பர் விஷயமும் சொல்லணும். ரிப்பன், அதாவது மை நாடா, இல்லாம சூட்டுல கறுக்குற லேபிள் மலிவு, ஆனா எண்ணெய்க் கை பட்டாலும் வெயில் பட்டாலும் மங்கிப் போகும். எண்ணெய், கருவாடு, தேன் இதுக்கெல்லாம் ரிப்பன் போட்டு அடிக்கிற பிளாஸ்டிக் லேபிள்தான் லாயக்கு. சின்ன தேன் பாட்டில் உருண்டையா இருக்கும், கோடு பாட்டில சுத்தி வளைஞ்சு போனா ஸ்கேனர் பாதியத்தான் பாக்கும், அதனால ஸ்டிக்கர திருப்பி, கோடெல்லாம் ஏணிப்படி மாதிரி ஒண்ணுக்கு மேல ஒண்ணா வர்ற மாதிரி ஒட்டுங்க.

ஒட்டுற இடமும் முக்கியம். எம்.ஆர்.பி, தேதி, எடை இதுக்கு மேல ஒட்டிராதீங்க. 2011 பொட்டலப் பொருள் விதிப்படி ஸ்டிக்கர் ஒட்டி விலைய கூட்டவே கூடாது, குறைக்கலாம், அப்பவும் பழைய விலை மறையக் கூடாது.

அந்த மார்த்தாண்டம் கடையில இப்போ 'இதர' பட்டன நான் எடுத்தே விட்டுட்டேன், ரெண்டு நாள் திட்டு வாங்குனேன். கருப்பட்டி கொண்டு வர்ற அம்மாமாருக்கு அடிச்ச ஸ்டிக்கர் ரோல கடையிலேர்ந்தே குடுத்து விட்டோம், அடுத்த தடவ அழகா ஒட்டிக் கொண்டு வந்தாங்க, ஆனா சில்லுக் கருப்பட்டில பூரா சுக்குக் கருப்பட்டி ஸ்டிக்கர். எழுத்து பொடிசா இருந்துது, கண்ணு தெரியலன்னாங்க. இப்போ பேர கோட்டுக்கு மேல பெருசா தமிழ்ல அடிக்கோம், சுக்குக்கு மஞ்ச ரோல், சில்லுக்கு வெள்ள ரோல்.