கோமெரிக்கின் குன்று

1944 ஜூலை 17 அன்று, நார்மண்டியில் லிவாரோவுக்கும் விமூத்தியேவுக்கும் இடையிலான சாலையில் ஒரு ஜெர்மன் ராணுவக் கார் போய்க்கொண்டிருந்தது. நேச நாடுகளின் போர் விமானம் ஒன்று தாழப் பறந்து வந்து அதைச் சுட்டது. உள்ளே இருந்தவர் ஃபீல்டு மார்ஷல் எர்வின் ரோமல். மண்டையோட்டில் பல முறிவுகளோடு உயிர் தப்பினார். ஆனால் அவருடைய போர் அன்றோடு முடிந்தது. அந்தக் களத்தில் அவரை எதிர்த்து நின்ற நேச நாட்டுத் தரைப்படைகளின் தளபதி பெர்னார்ட் மாண்ட்கோமரி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் எகிப்தின் அல் அலமெய்னில் ரோமலைத் தோற்கடித்தவரும் இவர்தான்.

ரோமல் விழுந்து கிடந்த இடத்துக்கு அருகிலிருந்த கிராமத்தின் பெயர் சாந்த் ஃபுவா த மாண்ட்கோமரி.

இதைத் தற்செயல் என்று முழுசாகச் சொல்லிவிட முடியாது. விமானம் அந்த இடத்தில் அந்தக் காரைப் பார்த்தது தற்செயல். பெயர் அங்கே இருந்தது தற்செயல் அல்ல. மாண்ட்கோமரி என்ற குடும்பப்பெயர் உலகில் எங்கெல்லாம் இருக்கிறதோ அத்தனைக்கும் ஊற்று அந்த வட்டாரம்தான். 900 ஆண்டுகள் ஊர் சுற்றிவிட்டு ஒரு படைத்தளபதியின் தோளில் ஏறி அந்தப் பெயர் தன் பிறந்த ஊருக்கே வந்திருந்தது.

பழைய லத்தீன் ஆவணங்களில் அது 'மோன்ஸ் கோமெரிகி'. கோமெரிக்கின் குன்று என்று பொருள். 'மோன்ஸ்' லத்தீன், மலை, குன்று. கோமெரிக் ஒரு ஜெர்மானிய ஆள் பெயர், இரண்டு சொற்களின் ஒட்டு. முதல் பாதி 'குமா', அதாவது மனிதன். இந்தச் சொல் ஆங்கிலத்தில் என்றோ செத்துப்போனது. ஆனால் மணமகனைக் குறிக்கும் 'பிரைட்குரூம்' என்ற சொல்லுக்குள் அதன் எலும்புக்கூடு கிடக்கிறது. அது முதலில் 'பிரைட்குமா'வாக இருந்தது. குமா என்றால் என்ன என்பது மறந்துபோனதும், ஜனங்கள் தங்களுக்குத் தெரிந்த 'குரூம்' என்ற சொல்லை அந்த இடத்தில் பொருத்திக்கொண்டார்கள். இரண்டாம் பாதி 'ரிக்', ஆள்பவன். ஜெர்மனின் 'ரைஹ்', லத்தீனின் 'ரெக்ஸ்', சம்ஸ்கிருதத்தின் 'ராஜன்' எல்லாம் இதற்கு உறவு. மாண்ட்கோமரியின் கடைசியில் தேய்ந்து நிற்கிற 'ரி' ஒரு காலத்தில் ராஜாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி.

அந்தக் கோமெரிக் யார், அந்தக் குன்றில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஒரு வரிகூட எஞ்சவில்லை. அதைப் பற்றிப் பெயரும் கவலைப்படவில்லை. ஒரு பெயர் நெடுந்தூரம் போக வேண்டுமென்றால் தன் அர்த்தத்தை வழியிலேயே கழற்றிப் போட்டுவிட வேண்டும். இந்தப் பெயர் அதை ஒருமுறை அல்ல, ஏழெட்டு முறை செய்திருக்கிறது.

1066-க்கு முந்தைய இங்கிலாந்தில் தலைமுறை தலைமுறையாக இறங்கும் குடும்பப்பெயர் என்று ஒன்று கிடையாது. ஒருவருக்கு ஒரு பெயர். குழப்பம் வந்தால் அப்பா பெயரோ தொழிலோ பட்டப்பெயரோ சேரும், ஆள் போனதும் அதுவும் போகும். அந்த ஆண்டு இங்கிலாந்தை வென்ற நார்மண்டிப் பிரபு வில்லியமுடன் கடல் தாண்டி வந்த நார்மன் பிரபுக்கள் வேறொரு வழக்கத்தோடு வந்தார்கள். தங்கள் கோட்டை இருந்த ஊரைச் சொல்லி, 'இந்த ஊரின்' என்ற பொருளில் 'த' சேர்த்துக்கொள்வார்கள். நம் இனிஷியலில் ஊர்ப்பெயர் ஒளிந்திருக்கிற மாதிரிதான். ஒரு வித்தியாசம்: அவர்களுடையது சொத்தோடு கட்டிப்போட்ட பெயர். மகனுக்கு நிலம் போகும்போது பெயரும் போயாக வேண்டும், ஏனென்றால் அந்தப் பெயர்தான் அவனுடைய பட்டா. 1204-இல் இங்கிலாந்து மன்னர் ஜான் நார்மண்டியை பிரான்சிடம் இழந்தார். கடலுக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு அந்தப் பக்கத்து ஊர் கைவிட்டுப் போயிற்று. நிலம் போன பிறகும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

வில்லியமின் நெருங்கிய கூட்டாளிகளில் ஒருவர் ரோஜர் த மாண்ட்கோமரி. 1070-களில் அவருக்கு ஷ்ரூஸ்பெரி பிரபுப் பதவியும், வேல்ஸ் எல்லையைக் காக்கும் வேலையும் கிடைத்தன. எல்லையில் மண்மேடு போட்டு மரக்கோட்டை ஒன்றைக் கட்டி, அதற்குத் தன் பெயரையே வைத்தார். இங்கே பெயர் முதல்முறையாகக் குட்டிக்கரணம் அடிக்கிறது. ஊர்ப்பெயர் ஆள்பெயராகி, ஆள்பெயர் மறுபடி ஊர்ப்பெயராகிவிட்டது. வேல்ஸ் எல்லையில் கோமெரிக்கும் இல்லை, அவர் குன்றும் இல்லை. கோட்டையின் சுற்றுவட்டாரத்தில் குடியிருந்தவர்கள் வேறு ஊருக்குப் போனால் அவர்களையும் 'மாண்ட்கோமரிக்காரர்' என்றுதான் அழைப்பார்கள். ஆக, பெயர் ஒன்றாக இருப்பதால் ரத்தமும் ஒன்று என்று ஆகாது. குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் அடிக்கடி வழுக்கி விழுகிற இடம் இது.

ரோஜரின் மகன் ராபர்ட் 1102-இல் மன்னர் முதலாம் ஹென்றியை எதிர்த்துக் கலகம் செய்து இங்கிலாந்துச் சொத்து முழுவதையும் பறிகொடுத்தார். கோட்டை பால்ட்வின் என்ற வேறொரு நார்மன் கைக்குப் போனது. அதனால் வேல்ஸ் மொழியில் அந்த ஊருக்கு இன்றும் 'ட்ரெவால்ட்வின்' என்றுதான் பெயர்: பால்ட்வினின் ஊர். ஆங்கிலத்தில் ஒரு முதலாளி, வேல்ஸ் மொழியில் இன்னொரு முதலாளி. மரக்கோட்டையின் மேட்டையோ வேல்ஸ்காரர்கள் 'ஹென் டோமன்', பழைய மேடு, என்று சொல்லி நார்மன்கள் இருவரையும் கழித்துக் கட்டிவிட்டார்கள்.

12-ஆம் நூற்றாண்டில் பெயர் ஸ்காட்லாந்துக்குப் போனது. 'முண்டெகும்ரி' என்றுகூட அதை எழுதி வைத்திருக்கிறார்கள். காதில் விழுந்ததை எழுதிய குமாஸ்தாக்களின் கைங்கர்யம். 1388-இல் ஒட்டர்பர்ன் சண்டையில் ஜான் மாண்ட்கோமரி, இங்கிலாந்தின் ஹென்றி பெர்சியைச் சிறைபிடித்தார். பெர்சியும் நார்மண்டி ஊர்ப்பெயர்தான். மூன்று நூற்றாண்டுக்கு முன் ஒரே கப்பலில் வந்திருக்கக்கூடிய இரண்டு பெயர்கள் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று வாள் வீசிக்கொண்டன.

பிரான்சில் இந்தப் பெயருக்கு ஒரு பழி உண்டு. 1559 ஜூன் 30, பாரிஸில் ஒரு குதிரை ஈட்டி விளையாட்டு. மன்னர் இரண்டாம் ஆன்ரியை எதிர்த்து இறங்கியவர், அவருடைய ஸ்காட்லாந்துக் காவற்படையின் தலைவர் காப்ரியேல் த மாண்ட்கோமரி. ஈட்டி முறிந்து, சிராய் மன்னரின் கண் வழியாக ஏறியது. உடற்கூறியலின் பெரும்புள்ளி வெசாலியஸும், அறுவை மருத்துவர் ஆம்ப்ருவாஸ் பாரேயும் பக்கத்திலிருந்தும் பத்து நாளில் மன்னர் இறந்துபோனார். தலைக்காயங்களின் மருத்துவ வரலாற்றில் இன்றும் அந்தப் படுக்கையைப் பற்றி எழுதுகிறார்கள்.

அமெரிக்காவில் பெயர் பரவியதற்கு முக்கியக் காரணம் ரிச்சர்ட் மாண்ட்கோமரி. அயர்லாந்தில் பிறந்து, அமெரிக்கப் புரட்சிப் படையில் தளபதியாகி, 1775 டிசம்பர் 31 அன்று கியூபெக் கோட்டைத் தாக்குதலில் உயிரிழந்தவர். புதிய நாட்டுக்குத் தியாகிகள் தேவைப்பட்டார்கள்; மாவட்டத்துக்கு மாவட்டம் அவர் பெயரை வைத்தார்கள். அலபாமாவின் தலைநகர் மாண்ட்கோமரியும் அவர் பெயரால்தான். வேடிக்கை என்னவென்றால் அந்த நகரம் இருக்கும் மாண்ட்கோமரி மாவட்டத்துக்கு மூலம் அவர் இல்லை. 1814-இல் ஹார்ஸ்ஷூ பெண்ட் சண்டையில் செத்த லெமுவல் மாண்ட்கோமரி. 1955 டிசம்பரில் அந்த நகரத்தில் ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் வெள்ளையருக்காகப் பேருந்தில் இருக்கையை விட்டு எழ மறுத்த பிறகு, உலகத்துக்கு அந்தச் சொல் ஆள்பெயராகவே கேட்பதில்லை. மாண்ட்கோமரி என்றால் பேருந்துப் புறக்கணிப்பு.

அதே அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்த பெஞ்சமின் மாண்ட்கோமரி என்று ஒருவர் இருந்தார். ஆழமில்லாத ஆறுகளில் போகும் நீராவிப் படகுக்கு ஒரு சுழலி வடிவமைத்தார். காப்புரிமை கேட்டபோது, அடிமை குடிமகன் அல்ல என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். அவருடைய மகன் ஐசாயா 1887-இல் மிசிசிப்பியில் மவுண்ட் பேயூ என்ற கறுப்பின மக்களின் ஊரை நிறுவினார். நார்மண்டிப் பிரபு பட்டா போல வைத்துக்கொண்ட பெயர், சட்டப்படி தானே ஒரு சொத்தாக இருந்த மனிதரிடம் வந்து சேர்ந்திருந்தது.

அப்புறம் நம் பக்கம். 1865-இல் பஞ்சாபில் ஒரு ரயில்வே ஊருக்கு அப்போதைய துணைநிலை ஆளுநர் ராபர்ட் மாண்ட்கோமரியின் பெயரை வைத்தார்கள். 1857-இல் லாகூரில் இந்தியச் சிப்பாய்களின் ஆயுதங்களைப் பறித்ததில் முன்னின்றவர் இவர். அயர்லாந்தின் வடக்கே குடியேறிய மாண்ட்கோமரிகளில் ஒருவர்; ரோமலை எதிர்த்த தளபதிக்குத் தாத்தா. ஊர் மட்டுமல்ல, மாவட்டமே மாண்ட்கோமரி ஆயிற்று. ஹரப்பா அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. அதனால் 1920-களில் சிந்துவெளி நாகரிகம் உலகுக்குத் தெரியவந்தபோது, ஹரப்பாவின் முகவரி ஒரு நார்மன் குன்றின் பெயராக இருந்தது! அந்த வட்டாரத்துச் செம்பழுப்புக் கறவை மாட்டையும் மாண்ட்கோமரி இனம் என்று எழுதினார்கள். பாகிஸ்தான் 1960-களில் ஊருக்கு சாஹிவால் என்று பெயர் மாற்றியது. மாடும் இன்று சாஹிவால்தான். நம்மூர்ப் பால் பண்ணைக்காரர்களிடம் மாண்ட்கோமரி மாடு என்றால் விழிப்பார்கள்.

உடலுக்குள்ளும் இந்தப் பெயர் புகுந்திருக்கிறது. தாய்மார்களின் முலைக்காம்பைச் சுற்றிய கரு வட்டத்தில் சின்னச் சின்னப் புடைப்புகள் இருக்கும். கர்ப்ப காலத்தில் எடுப்பாகத் தெரியும். டப்ளின் மகப்பேறு மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி 1837-இல் இவற்றை விவரித்ததால் மாண்ட்கோமரி சுரப்பிகள். இத்தாலியின் உடற்கூறியலாளர் மோர்கானி அவருக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார். பெயர் ஒட்டியது பின்னால் வந்தவரிடம். அறிவியலில் இது சர்வசாதாரணம்.

ஆனால் இன்று இந்தப் பெயர் அதிகம் உழைப்பது கணிப்பொறிக்குள்தான். 1985-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் பீட்டர் மாண்ட்கோமரி ஒரு பெருக்கல் உத்தியை வெளியிட்டார். இணையத்தில் ரகசியம் காக்கும் ஆர்எஸ்ஏ போன்ற முறைகளில், அறுநூறு இலக்க எண்களைப் பெருக்கி, இன்னொரு அறுநூறு இலக்க எண்ணால் வகுத்து மீதி எடுக்க வேண்டும். ஒரு தடவை அல்ல, ஆயிரக்கணக்கான தடவை. பெருக்கல் கணிப்பொறிக்குச் சுலபம், வகுத்தல்தான் பெரும்பாடு. இவர் அந்த வகுத்தலையே தவிர்த்துவிட்டார்.

சின்ன எண்ணில் செய்து பார்க்கலாம். 1234-ஐ 97-ஆல் வகுத்தால் மீதி என்ன? வகுக்காமல், 1234-உடன் 97-இன் ஏதோவொரு மடங்கைக் கூட்டி, கடைசி இரண்டு இலக்கமும் சுழியம் ஆகும்படி செய்வோம். 97-இன் மடங்கை எத்தனை கூட்டினாலும் மீதி மாறாது. எந்த மடங்கு? 97-க்கென்று 67 என்ற எண்ணை ஒரே ஒருமுறை கணக்கிட்டு வைத்துக்கொண்டால் போதும் (97 × 67 = 6499; கடைசியில் 99 வருவதுதான் சூட்சுமம்). 1234-இன் கடைசி இரண்டு இலக்கம் 34. 34 × 67 = 2278. அதன் கடைசி இரண்டு இலக்கம் 78. ஆக 78 மடங்கு: 1234 + 7566 = 8800. இரண்டு சுழியத்தையும் வெட்டினால் 88. வகுத்தலே நடக்கவில்லை.

ஆனால் விடை 88 இல்லையே, 70 ஆயிற்றே என்பீர்கள். சரிதான். சுழியங்களை வெட்டியபோது 100-ஆல் வகுத்துவிட்டோம். 88 என்பது மாறுவேடம் போட்ட 70. ஆகவே கணக்கு தொடங்கும்போதே எல்லா எண்களையும் 100-ஆல் பெருக்கி மாறுவேடத்தில் இறக்கிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட இரண்டு எண்களைப் பெருக்கினால் ஒரு 100 கூடுதலாகச் சேரும். சுழியம் வெட்டும்போது அது கழிந்துவிடும். எல்லாம் முடிந்த பிறகு வேடத்தைக் கலைத்தால் போதும். கணிப்பொறி பத்தின் அடுக்குக்குப் பதில் இரண்டின் அடுக்கைப் பயன்படுத்துகிறது; அதனால் வெட்டுவது என்பது இலக்கங்களை நகர்த்துவது மட்டுமே. ஒரு பெருக்கலுக்கு இது லாபமில்லை. ஆயிரம் பெருக்கலுக்குக் கொள்ளை லாபம்.

இரண்டு ஆண்டு கழித்து அவரே ஒருவகை நீள்வட்ட வளைவுகளையும் முன்வைத்தார். மாண்ட்கோமரி வளைவுகள். அவற்றில் ஒன்றான கர்வ்25519 வாட்ஸ்அப் செய்திகளைப் பூட்டும் சாவிகளுக்கு அடியில் இருக்கிறது. காலையில் குடும்பக் குழுவில் வணக்கம் போடும் சித்தப்பாவுக்கு, கோமெரிக்கின் குன்று பின்னால் நின்று பூட்டுப் போட்டுக் கொடுக்கிறது.

படைத்தளபதிக்கு 1946-இல் பிரபுப் பட்டம் தந்தபோது, 'அலமெய்னின் மாண்ட்கோமரி' என்று தந்தார்கள். ரோஜர் 'த மாண்ட்கோமரி' என்று போட்டுக்கொண்டது ஊரைக் காட்டத்தான். அந்தச் சொல் ஊரைக் காட்டுவதை எப்போதோ நிறுத்திவிட்டதால், இவருக்கு இன்னோர் ஊரை எகிப்தின் பாலைவனத்திலிருந்து கொண்டுவந்து ஒட்ட வேண்டியிருந்தது.

நார்மண்டியில் ரோமல் விழுந்த வட்டாரத்தில் மாண்ட்கோமரி என்று முடியும் கிராமங்கள் இரண்டு: சாந்த் ஃபுவாவும் சாங் ஜெர்மேனும். 2016 ஜனவரி 1 அன்று அவை பக்கத்து ஊர்களுடன் இணைக்கப்பட்டு ஒரே நிர்வாக ஊராயின. அங்கே ஓடும் வீ ஆற்றை வைத்து, புதிய ஊருக்கு வால் த வீ என்று பெயரிட்டிருக்கிறார்கள்.