ஐஸ் பெட்டியை ஏன் பின்னால் தள்ளச் சொன்னார்?

பட்டர்வொர்த் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். நண்பர்களோடு பினாங்கின் தெலுக் கும்பாரிலிருந்து பூலாவ் கெண்டி தீவுக்கு மீன் பிடிக்கப் போனாராம். ஐஸ் பெட்டியை வசதியாக முன்பக்கம் வைத்திருக்கிறார்கள். போட்காரர் பார்த்ததும், “அதை இஞ்சின் பக்கமாத் தள்ளுங்க” என்றிருக்கிறார். கிளம்பும்போது வாசகரிடம், “அண்ணே, போட் எழும்புற வரைக்கும் நீங்க முன்னால போய் உட்காருங்க.” வேகம் பிடித்ததும், “சரி, இப்ப பின்னால வந்துடுங்க.” வாசகரின் எடை 80 கிலோ. “என் உடம்பைக் கேலி செய்தாரா, இல்லை இதில் அறிவியல் ஏதும் உண்டா?” என்று கேட்கிறார்.

உண்டு. அதுவும் எனக்கு ரொம்பப் பிடித்த அறிவியல்.

நிற்கிற படகைப் பற்றிப் பள்ளியிலேயே படித்துவிட்டோம். தன் எடைக்குச் சமமான நீரை விலக்கி மிதக்கும், ஆர்க்கிமிடீஸ், அவ்வளவுதான். ஓடத் தொடங்கியதும் இன்னொரு ஆள் உள்ளே வருகிறார்: அலை. படகு நீரைத் தள்ளிக்கொண்டு போகும்போது முனையில் ஓர் அலை எழும்புகிறது. அதன் நீளம் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 6 மீட்டர் படகு மணிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தை எட்டும்போது அலையின் நீளமும் ஏறக்குறைய 6 மீட்டர் ஆகிவிடுகிறது. முன்னால் ஒரு முகடு, பின்னால் ஒரு முகடு, நடுவில் தொட்டிலில் கிடப்பதுபோல் படகு. இன்னும் கொஞ்சம் விசையைக் கூட்டினால் பின்முகடு படகை விட்டு விலகிப் பின்னால் போய்விடும். அமரம் பள்ளத்தில் இறங்கும், அணியம் வானத்தைப் பார்க்கும். (அணியம் என்றால் படகின் முன்பக்கம், அமரம் பின்பக்கம். தமிழக மீனவர்களின் சொற்கள். இங்கே நாம் மறந்துவிட்டோம்.) படகு தானே எழுப்பிய அலைமேட்டில் ஏறப் பார்க்கிறது. ஆனால் மேடும் கூடவே நகர்வதால் உச்சி வருவதே இல்லை. இஞ்சின் அலறும், பெட்ரோல் கொட்டும், வேகம் மட்டும் வராது.

இந்த அலைக் கணக்கை ஒழுங்காக ஆராய்ந்தவர் ஆங்கிலேயப் பொறியாளர் வில்லியம் ஃப்ரூட். 1872ல் இங்கிலாந்தின் டார்க்கி ஊரில், தன் வீட்டருகே நீளமான தொட்டி ஒன்றைக் கட்டி, மெழுகில் செய்த குட்டிக் கப்பல்களை அதில் இழுத்துப் பார்த்தார். கடற்படை நிர்வாகம் அதற்குப் பணம் கொடுத்தது. பொம்மைக் கப்பலை இழுத்து விளையாடவா அரசுப் பணம் என்று அன்றைக்கு எத்தனை பேர் கேட்டிருப்பார்களோ! ஜொகூர் ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் 120 மீட்டர் நீளத்தில் அப்படியொரு தொட்டி இருக்கிறது. வானத்தில் ஏவுகிற எதற்கும் கைதட்டுகிற நாம், இந்த மாதிரித் தண்ணீர்த் தொட்டிகளுக்குப் பணம் ஒதுக்கும்போது மட்டும் முகம் சுளிக்கிறோம். இவ்வளவு கடலை வைத்திருக்கிற நாட்டுக்காரர்களுக்கு இது அழகில்லை.

அலைமேட்டை எப்படித் தாண்டுவது? குளத்தில் தட்டைச் சில்லைத் தத்தவிட்ட யாருக்கும் விடை தெரியும். சில்லு மிதப்பதில்லை. வேகமாகப் போய்ச் சாய்வாக நீரை அறைவதால் எழும்புகிறது. படகின் அடியும் அப்படித்தான். லேசாக மூக்கு தூக்கிய நிலையில் நீரைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது, நீர் படகை மேல்நோக்கித் தள்ளுகிறது. வேகம் 4 மடங்கானால் இந்தத் தூக்கு விசை 16 மடங்கு. அதனால் ஒரு கட்டத்தில் படகு நீருக்குள் இருப்பதை விட்டு நீரின் மேல் வழுக்க ஆரம்பிக்கிறது. போட்காரர் ‘எழும்புறது’ என்றது இதைத்தான். மேட்டைத் தாண்டும் அந்த அரை நிமிடம் அமரம் அமிழ்ந்து கிடப்பதால், முன்னால் 80 கிலோ இருந்தால் மூக்கு இறங்கும், சீக்கிரம் எழும்பும். வாசகர் நெம்புகோலாகப் பயன்பட்டிருக்கிறார்.

எழும்பிய பிறகு ஏன் பின்னால் அழைத்தார்? இங்கேதான் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும்.

வழுக்கும் படகில் அடிப்பலகையின் பின்பகுதி மட்டுமே நீரைத் தொடுகிறது. அந்த நனைந்த பகுதியிலும் அழுத்தம் ஒரே சீராக இல்லை. நீர் முதலில் வந்து மோதும் முன்விளிம்பில் ஒரு குறுகிய பட்டையில்தான் உச்சம். 40 கிலோமீட்டர் வேகத்தில் அங்கே வளிமண்டல அழுத்தத்தில் பாதிக்கும் மேல் இருக்கும். பின்னால் போகப் போக மளமளவென்று குறைந்து, அமரத்தின் விளிம்பில் ஒன்றுமில்லாமல் போகிறது. ஆக, மொத்தத் தூக்கு விசையும் ஓரிடத்தில் செயல்படுவதாக வைத்துக்கொண்டால், அந்த இடம் நனைந்த நீளத்தின் நடுவில் இல்லை. நல்ல வேகத்தில், பின்விளிம்பிலிருந்து ஏறத்தாழ முக்கால் பங்கு தூரத்தில் இருக்கிறது. அமெரிக்கப் பொறியாளர் டேனியல் சவிட்ஸ்கி 1964ல் இதற்குக் கொடுத்த சூத்திரங்களை இன்றும் விசைப்படகு வடிவமைப்பாளர்கள் பயன்படுத்துகிறார்கள்.

படகு சாய்ந்து சுழலாமல் ஓட வேண்டுமானால் இந்தத் தூக்குப் புள்ளியும் எடை மையமும் ஏறக்குறைய நேருக்கு நேர் நிற்க வேண்டும். எடையை எங்கே வைப்பது என்பது நம் கையில். தூக்குப் புள்ளியை யார் நகர்த்துவது? படகே நகர்த்திக்கொள்கிறது! எடை முன்னால் போனால் மூக்கு தாழ்ந்து, நனைந்த நீளம் கூடி, தூக்குப் புள்ளியும் முன்னால் வந்துவிடும். எடை பின்னால் போனால் மூக்கு நிமிர்ந்து, நனைந்த நீளம் சுருங்கி, புள்ளி பின்வாங்கும். சந்தையில் கல்லைப் போட்டு எடையைச் சமன் செய்வார்கள். இந்தத் தராசோ தன்னைத் தாங்கும் புள்ளியையே நகர்த்திச் சமன் செய்துகொள்கிறது. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது சலிக்கவில்லை.

வாசகரின் படகுக்கே கணக்குப் போடுவோம். படகும் இஞ்சினும் 770 கிலோ, ஆறு பேர் 450, பெட்ரோல் 100 லிட்டர் 74, ஐஸ் பெட்டி 60, நங்கூரம், கயிறு, சாப்பாடு எல்லாம் 46. மொத்தம் 1400 என்று வையுங்கள். பெட்டியும் வாசகரும் சேர்ந்து 140 கிலோ. இருவரும் 3 மீட்டர் முன்னால் இருந்தால், எடை மையம் 30 சென்டிமீட்டர் முன்னால் போகும். அதைத் துரத்த நனைந்த நீளம் 40 சென்டிமீட்டர் கூட வேண்டும். நனைந்த இடமெல்லாம் உராய்வு, உராய்வெல்லாம் பெட்ரோல். தவிர, பின்னாலிருந்து அலை துரத்தும்போது தாழ்ந்த மூக்கு நீரில் குத்திக்கொண்டு படகைப் பக்கவாட்டில் திருப்பிவிடும்.

அதற்காக எல்லாவற்றையும் பின்னால் குவிக்கவும் கூடாது. மூக்கு ரொம்ப நிமிர்ந்தால் தூக்குப் புள்ளி பின்னால் ஓடும், தாங்க ஆளில்லாமல் மூக்கு விழும். விழுந்ததும் நனைந்த நீளம் கூடும், புள்ளி முன்னால் பாயும், மூக்கு மறுபடி எழும். ஓங்கில் (டால்பின்) துள்ளுவதுபோல் படகு குதித்துக்கொண்டே போகும், தட்டையான கடலில்கூட. வேகத்தைக் குறைக்கலாம், இஞ்சினைக் கொஞ்சம் உள்பக்கமாகச் சாய்க்கலாம், அல்லது ஓர் ஆளை முன்னால் அனுப்பலாம். மூன்றுமே புள்ளியை அடக்கும் வழிகள்தான்.

இது புரிந்துவிட்டால் சாமான் ஏற்றுவது தானே வந்துவிடும். கனமானவை தாழ்வாக, நடுவுக்குச் சற்றுப் பின்னால், கட்டிப்போட்டு. பல படகுகளில் பெட்ரோல் தொட்டி தரைக்கடியில் எடை மையத்தை ஒட்டி இருப்பதும் இதனால்தான். தீரத் தீரச் சமநிலை மாறாது. போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கைவசம் ஒரு பங்கு என்று பெட்ரோலைப் பிரிப்பது பழைய வழக்கம், நல்ல வழக்கம். ஐஸ் உருகிய தண்ணீரை அவ்வப்போது வடித்துவிடுங்கள், படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடிச் சாய்வைக் கூட்டுகிற துரோகி அது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், அடியில் தேங்கும். படகுத் தரையின் மூடியைத் திறந்து காற்றாட விட்ட பிறகே இஞ்சினை முடுக்க வேண்டும். பாதுகாப்பு அங்கி ஆளுக்கொன்று, அதுவும் பெட்டிக்கு அடியில் இல்லாமல் உடம்பில். சுமத்ராவிலிருந்து வரும் புயல்மழை விடிகாலையில்தான் அதிகம் என்பதால், கிளம்புமுன் ரேடார் படத்தைப் பார்த்துவிடுங்கள். முன்னால் உட்கார ஆசைப்படுபவர்களுக்கு ஒரு சொல்: அலையில் அதிகம் தூக்கிப் போடுவது அங்கேதான். ஒருமுறை படம் எடுக்கிறேன் என்று அங்கே உட்கார்ந்து, இரண்டு நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

எலுமிச்சை, மிளகாய் கட்டிய படகுகளைப் பினாங்கில் பார்த்திருக்கிறேன். கட்டட்டும், 100 கிராம்தான். தண்ணீர் வடியும் துளைக்கு அடைப்பான் போட்டாயிற்றா என்று அதே கையோடு தடவிப் பார்த்தால் போதும். மூன்று பேராகப் போனால் ஆகாது என்று நாலாவதாகக் கல்லை எடுத்துப் போகிறவர்களும் உண்டு. கல்லைப் பின்னால் வையுங்கள்.

வாசகர் கடைசியில் இன்னொன்றும் கேட்டிருந்தார். திரும்பி வரும்போது ஐஸ் பெட்டி மறுபடி முன்னாலேயேதான் இருந்ததாம், போட்காரர் கண்டுகொள்ளவே இல்லையாம். ஐஸ் உருகி வடிந்தாயிற்று, குடிக்கக் கொண்டுபோனது காலி. மீன் ஒன்றும் மாட்டவில்லை, அதுதானே?